சருகுக்குள் ஒரு குட்டிக் கூன்வண்டு: பெயர் உள்ளதா, புதிசா?

கரவெட்டியான்:
ஒட்டுசுட்டானில் பெரியப்பாவின் காணிக்குப் பின்னால் வீரையும் பாலையும் வெட்டாமல் விட்ட துண்டுக் காடு ஒன்று இருக்கிறது. மாரி மழை விட்ட கையோடு அங்கே சருகு அள்ளி, பெரியம்மாவின் அரிதட்டில் அரித்து, வெள்ளைப் பீங்கானில் கொட்டிப் பார்த்தேன். எறும்பு, மரவட்டைக் குஞ்சு எல்லாம் ஓடி முடிந்த பிறகு, மண் கட்டி என்று ஒதுக்கி வைத்தது கால் நீட்டி நடந்தது. பார்த்தால் கூன்வண்டு! மூக்கை விட்டு அளந்தால் 3 மில்லிமீற்றர்தான் வரும். மங்கிய கறுப்பு. அப்பியிருந்த மண்ணை ஊசியால் சுரண்டினால் கீழே கபிலச் செதில்களும் நிமிர்ந்து நிற்கும் கட்டை மயிர்களும் தெரிகின்றன. தொட்டால் காலையும் மூக்கையும் இழுத்துக்கொண்டு செத்தமாதிரிக் கிடக்கும், ஊதினாலும் அசையாது. பிறகு தேடியதில் இன்னும் சில கிடைத்தன. நீர்வேலி வாழைக் கிழங்கில் வருவது எனக்குத் தெரியும், இது அது இல்லை. மேலிருந்து எடுத்த படங்கள் போட்டிருக்கிறேன். இது என்ன இனம்? ஒருவரும் பெயர் வைக்காதது என்றால் ஊர்ப் பெயரில் வைக்கலாமா?

நல்லெண்ணை:
அரிசி வண்டு தம்பி. அரிதட்டில் இருந்தே விழுந்திருக்கும்.

ஓய்ந்த வாத்தி:
அரிசி வண்டு இல்லை. அதன் முதுகில் மங்கலாக நாலு செம்பொட்டு இருக்கும், பறக்கவும் செய்யும். தம்பியின் பூச்சிக்குத் தோள் முடிச்சே (முதுகு மூடியின் முன்மூலை மேடு) இல்லை, படத்தில் பாருங்கோ. தோள் இல்லாத கூன்வண்டுக்குப் பெரும்பாலும் பின்னிறகும் இருக்காது. பறக்காதது காடு விட்டுக் காடு போவது குறைவு, அதனால்தான் சருகுக் கூன்வண்டுகள் மலைக்கு மலை வேறு இனமாகக் கிடக்கின்றன. சுலாவெசித் தீவில் திரிகொனொப்டெரஸ் என்ற ஒரே பேரினத்தில் 103 புதிய இனங்களை 2019இல் ஒரே கட்டுரையில் விவரித்தார்கள். ஒன்றின் பெயர் யோடா, இன்னொன்று அஸ்டெரிக்ஸ். ஆனால் அது சுமாத்திராவிலிருந்து சமோவா வரை உள்ள கூட்டம், இங்கே தேட வேண்டாம்.

முதுகுப் படம் போதும், இனித் திருப்பிப் போடுங்கோ. செத்தமாதிரிக் கிடக்கும்போது மூக்கு எங்கே போய் ஒளிகிறது? நெஞ்சின் அடியில் அதற்கென்றே வாய்க்கால் இருந்து, நடுக்கால்களுக்கிடையில் விளிம்பு கட்டி முடிந்தால், கிரிப்டோரிங்கினே துணைக்குடும்பத்தின் பக்கம் போகலாம். வாய்க்கால் இல்லையென்றால் வேறு எங்காவது தேட வேண்டும். அப்புறம், உணர்கொம்பின் நீண்ட முதல் கணுவுக்கும் நுனிக் குமிழுக்கும் இடையில் எத்தனை கணு? ஆறா ஏழா என்பதில் பேரினமே மாறக்கூடும். நீளத்தில் மூக்கைச் சேர்க்காதது சரி.

ஒற்றைப் பூச்சியை வைத்து இனம் சொல்ல முடியாது. பெண்ணின் மூக்கு நீண்டு வழுவழுப்பாகவும் ஆணினது கட்டையாகச் சொரசொரப்பாகவும் இருப்பது வழக்கம், அதை இரண்டு இனமாக எண்ணிவிடுவது சுலபம். கடைசித் தீர்ப்பு ஆணின் பிறப்புறுப்பில்தான். வயிற்றை எடுத்து 10 வீதப் பொட்டாசியம் ஐதரொட்சைட்டில் ஊறவிட்டு, தசை கரைந்த பிறகு கிளிசரினில் வைத்துப் பார்ப்பார்கள். வெளியே அச்சொட்டாக ஒரே மாதிரி இருப்பவை அங்கே பிரிந்துவிடும்.

பெயர் ஏதாவது மனதில் இருந்தால் இங்கே எழுதாதீங்கோ. விலங்கியல் பெயரிடல் விதிப்படி, 1999க்குப் பிறகு வைக்கும் இனப் பெயருக்கு மூலமாதிரி (அந்தப் பெயருக்கு ஆதாரமாக வைக்கும் பூச்சி) எது, அது எந்தச் சேகரிப்பில் இருக்கிறது என்பதைக் கட்டுரையிலேயே சொல்ல வேண்டும். மற்ற இனங்களிலிருந்து எதில் வேறுபடுகிறது என்றும் எழுத வேண்டும். அதற்குப் பழைய இலங்கை மாதிரிகளோடு ஒப்பிட வேண்டும், அவற்றில் நிறைய லண்டனில் கிடக்கின்றன. பெயர் வைப்பது அரைநாள் வேலை. முன்பு யாரும் வைக்கவில்லை என்று காட்டுவதற்குத்தான் வருஷக்கணக்கு.

வன்னிக்காரி:
பெரியப்பாவின் வேலி தாண்டி அரசாங்கக் காட்டுக்குள் போவதென்றால் எழுத்தில் அனுமதி எடுங்கோ. மண்டையோடு போட்ட சிவப்பு மிதிவெடிப் பலகை எங்கெங்கே நின்றது என்றும் அவரிடம் கேளுங்கோ, சருகு அள்ளுவது நிலத்தைக் கிளறுகிற வேலைதானே.

அரிதட்டோடு நிற்காமல் பெரிய சோடாப் போத்தலை வெட்டி, வாய்ப் பக்கத்தைப் புனலாகக் கவிழ்த்து, கம்பி வலை வைத்துச் சருகைப் போடுங்கோ. நுளம்பு வலை வேண்டாம், உங்கள் ஆள் அதற்குள்ளால் நுழையமாட்டார். மேலே பழைய குண்டு பல்ப், எல்ஈடி சூடாகாது. சருகு காயக் காய எல்லாம் கீழே இறங்கி விழும். டீஎன்ஏ பார்க்கும் எண்ணம் இருந்தால் கீழே 95 வீத எதனோல் வையுங்கோ. லேபலைப் பென்சிலால் எழுதிப் போத்தலுக்குள்ளேயே போடுங்கோ: இடம், ஆள்கூறு, திகதி, எந்த மரத்துச் சருகு, பிடித்தவர் பெயர். லேபல் இல்லாத பூச்சியை எந்த மியூசியமும் வாங்காது.

கரவெட்டியான்:
சேர், வாய்க்கால் இருக்கு! மூக்கு முன்கால்களுக்கு நடுவால் போய் நடுக்கால் அருகே நிற்கிறது, நுனியைச் சுற்றி விளிம்பும் உண்டு. செத்த ஒன்றின் முதுகு மூடியை நெம்பிப் பார்த்தேன், இரண்டும் ஒட்டிப் பிறந்தமாதிரி, பிரியவில்லை. கொம்பில் ஏழு கணு எண்ணினேன், ஆனால் ஏழாவது குமிழோடு சேர்ந்ததோ என்று சந்தேகம். ஒன்றுக்கு மட்டும் மூக்கு மெலிவாக இருக்கிறது.

ஓய்ந்த வாத்தி:
அப்படியென்றால் கிரிப்டோரிங்கினே பக்கம்தான். ஏழாவது கணுவுக்குப் பக்கவாட்டில் வெளிச்சம் விட்டு இன்னொரு படம் போடுங்கோ. மெலிந்த மூக்குக்காரி பெண்ணாக இருக்கலாம், தனிப் போத்தலில் அதே லேபலோடு வையுங்கோ. பிறகு யாழ். பல்கலைக்கழக விலங்கியல் துறையில் கேட்டு நல்ல நுணுக்குக்காட்டியில் பார்க்கலாம். போகும்போது பூச்சியைக் கொண்டுபோங்கோ, ஃபோனை மட்டும் நீட்டாதீங்கோ.