மறு: வணிகரைப் பிரபுவாக்குதல் – எட்டியாக்கமா, பிரபுவாக்கமா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணிகர் ஒருவரை அரசர் பிரபுவாக்குவதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். நேற்று ஐயா எழுதியது:

> பழந்தமிழகத்தில் சிறந்த வணிகருக்கு அரசர் 'எட்டி'ப் பட்டம் கொடுத்தார்களே. 'எட்டியாக்கம்' என்று வைத்தால் என்ன குறை?

அழகான யோசனைதான் ஐயா. ஆனால் இன்று எட்டி என்றதும் "எட்டி பழுத்தென்ன, ஈயாதார் வாழ்ந்தென்ன" என்ற கசப்பு மரம்தான் மனத்தில் வரும். அதைக்கூடப் பழகிக்கொள்ளலாம். பொருளே ஒட்டவில்லை என்பதுதான் என் கவலை. சுவீடனின் டெ யேர் குடும்பத்தை வைத்துச் சொல்கிறேன்.

லூயி டெ யேர் 1587இல், இன்று பெல்ஜியத்தில் இருக்கும் லியேஜில் பிறந்தவர். ஆம்ஸ்டர்டாமில் இரும்பும் ஆயுதமும் விற்றுப் பெரும் பணக்காரரானார். சுவீடன் அரசின் இரும்பாலைகளைக் குத்தகைக்கு எடுத்தார், லியேஜைச் சுற்றிய வல்லோனியப் பகுதியிலிருந்து கைதேர்ந்த கொல்லர்களைக் குடும்பத்தோடு வரவழைத்தார், ஃபின்ஸ்பொங்கில் பீரங்கி வார்த்தார். 1641இல் அவரைப் பிரபுவாக்கினார்கள். வெறும் மாலை மரியாதை என்று இதை நினைத்துவிடக் கூடாது. அதுவரை குத்தகைக்காரராக இருந்தவர் இனி பிரபுக்களுக்கே உரிய நிலத்தைத் தம் பெயரில் வாங்கலாம். வாங்கவும் செய்தார்: 1643இல் லெவ்ஸ்டா, ஓஸ்டர்பி, யீமோ என்ற இரும்பாலை ஊர்கள் மூன்றும் அவர் கைக்கு வந்தன. அவரோடு அவர் வழிவந்த குலம் முழுவதும் பிரபுவானது. எட்டி என்றால் ஒருவர் பெற்ற சிறப்பாகத்தானே நமக்குத் தோன்றுகிறது?

பிரபுக்களுக்கே உரிய அந்த நிலவகைக்குச் சுவீடிஷில் 'ஃப்ரெல்சே' என்று பெயர், 'விடுவிக்கப்பட்டது' என்று பொருள். எதிலிருந்து? வரியிலிருந்து. இதற்கு நாம் புதுச்சொல் தேடவே வேண்டாம், கல்வெட்டில் 'இறையிலி' இருக்கிறது. நம்மூரில் அது பெரும்பாலும் கோயிலுக்கும் பிராமணர்க்கும் விட்ட நிலம் என்றாலும், சொல்லின் பொருள் அப்படியே பொருந்துகிறது.

'உயர்குடியாக்கம்' என்று ஓர் அம்மா எழுதியிருந்தார். அதில் பிறப்பின் வாடை அடிக்கிறது. நாம் பேசுவதோ பிறப்பால் வராத ஒன்றை. 'பெருங்குடி'யும் சரிப்படாது. சிலப்பதிகாரம் மாசாத்து வாணிகனையே பெருங்குடி என்கிறது. அந்தக் கணக்கில் லூயி ஆம்ஸ்டர்டாமிலேயே பெருங்குடிதான்! 'பிரபுக்கள் சபை' ஏற்கெனவே வழக்கில் இருப்பதால் 'பிரபுவாக்கம்' என்றே வைப்போம். வடசொல் என்று ஒதுக்க வேண்டாம்.

அப்புறம் இன்னொன்று. அந்தக் காலத்தில் அரசர் பிரபுவாக்கினால் மட்டும் போதாது. ஸ்டாக்ஹோமில் உள்ள ரிதார்ஹூசெட் என்ற பிரபுக்கள் மன்றத்தில் அந்தக் குலத்தைச் சேர்க்க வேண்டியிருந்தது. 1626ஆம் ஆண்டு விதிப்படி அங்கே சேர்ந்த குலத்துக்கே நாடாளுமன்றத்தின் பிரபுக்கள் பிரிவில் இடமும் வாக்கும் இருந்தன. குலத்துக்கு ஓர் எண் கொடுப்பார்கள். செப்புத் தகட்டில் எழுதிய குலச்சின்னம் மன்றச் சுவரில் ஏறும். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தகடுகள் இன்றும் அங்கே தொங்குகின்றன. மன்றத்தில் இப்படிச் சேர்ப்பதைச் சுவீடிஷில் 'அறிமுகம்' என்றே சொல்கிறார்கள். தமிழில் அப்படியே வைத்தால் கைகுலுக்குவதுபோல் ஆகிவிடும். அரங்கேற்றம் போல 'அவையேற்றம்' எப்படி? பிரபுவாக்கம் அரசர் செய்வது, அவையேற்றம் மன்றம் செய்வது. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் வரலாறு புரியாது. பிரபுக்கள், குருமார், நகரத்தார், உழவர் என்று நான்கு பிரிவாக இருந்த அந்த நாடாளுமன்றத்தைப் பின்னாளில் கலைக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தவரும் இதே குடும்பத்தவரான இன்னொரு லூயி டெ யேர்தான். 1865 டிசம்பரில் பிரபுக்களே 361க்கு 294 என்று வாக்களித்துத் தங்கள் அவையுரிமையை விட்டுக்கொடுத்தார்கள். அதனால் அவர்களின் பிரபுநிலை போய்விடவில்லை. இதைச் சொல்ல இரண்டு சொல் வேண்டுமா, இல்லையா?

தமிழாக்க மிச்சம் இருப்பது 'ப்ரூக்' என்ற சுவீடிஷ் சொல். உலை, பட்டறை, கரி சுடும் காடு, கொல்லர் வரிசை வீடுகள், முதலாளி மாளிகை, தேவாலயம் எல்லாம் சேர்ந்த ஊர் அது. 'இரும்பாலை' பாதியைத்தான் சொல்கிறது. இந்தக் குடும்பத்து நிலவியலாளர் யெரார்ட் டெ யேர், ஆண்டுக்கொன்றாகப் படிந்த களிமண் அடுக்குக்கு 'வார்வ்' என்ற சாதாரணச் சுவீடிஷ் சொல்லையே எடுத்தார். இன்று உலக நிலவியலே அதைத்தான் சொல்கிறது. அதுபோல் நம் பேச்சிலேயே ஒரு சொல் இருக்கும். 'உலையூர்' என்று எழுதிப் பார்த்தேன், நிறைவாக இல்லை. கொல்லுப்பட்டறைப் பக்கம் வளர்ந்தவர்கள் சொல்லுங்களேன்.