ஊர் மக்கள்தொகை, குடும்பம், வீடு விவரம் தயாரிக்கிறேன்: எந்தக் கணக்கை எடுப்பது?

கண்மாய்க்கரை முத்து:

எல்லோருக்கும் வணக்கம். சிவகங்கை மாவட்டத்தில் ஒரு மானாவாரி ஊர் எங்களுடையது. கண்மாய் பெருகினால் ஒரு போகம் நெல், இல்லையென்றால் ஆடு மாடும் நூறு நாள் வேலையும் வெளியூரிலிருந்து வரும் பணமும்தான். போன கிராமசபையில் ஊருக்கென்று ஒரு விவரக் குறிப்பு வேண்டும் என்று பேச்சு வந்தது. எத்தனை பேர், எத்தனை குடும்பம், எத்தனை வீடு, அதில் கூரை எத்தனை, ஓடு எத்தனை, காரை எத்தனை, கழிப்பறை, குடிதண்ணீர் குழாய் எல்லாம் ஓர் இடத்தில் இருந்தால் ஊராட்சி வளர்ச்சித் திட்டம் எழுதும்போது கேட்க வசதியாக இருக்கும் என்று நான்தான் எழுந்து சொன்னேன், சரி நீயே செய் என்று ஒப்படைத்துவிட்டார்கள்.

இப்போது என்ன சிக்கல் என்றால் எந்த இரண்டு நோட்டும் ஒத்துப்போகவில்லை. 2011 சென்சஸில் எங்கள் ஊர்ப் பெயரில் ஒரு எண் இருக்கிறது, அது ஊரைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்கிறது. வீட்டு வரிப் பதிவேட்டில் வேறு எண். ரேஷன் கடையில் கேட்டால் குடும்ப அட்டை வீட்டு எண்ணிக்கையைத் தாண்டுகிறது. அங்கன்வாடி நோட்டில் குறைவு. கோயில் தலைக்கட்டு நோட்டு என்று ஒன்று இருக்கிறதே, அதில் சென்னையில் குடியேறிப் பல வருஷம் ஆனவர் பெயரெல்லாம் இன்னும் வரி கட்டிக்கொண்டிருக்கிறது.

ஊரில் பாதித் தெருவுக்குப் பூட்டின வீடுதான் கண்ணில் படுகிறது. அதை வீடு என்று எழுதுவதா, குடும்பம் என்று எழுதுவதா? துபாயில் இருப்பவரைச் சேர்ப்பதா? இதை முன்பு செய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், அரைகுறையாகச் செய்து கிராமசபையில் கொடுக்க எனக்கு மனசில்லை.

---

கணக்கெடுப்பு வாத்தியார்:

தம்பி, நல்ல வேலை எடுத்திருக்கிறீர்கள். ஆசிரியராக இருந்தபோது 2001இலும் 2011இலும் சென்சஸ் எடுக்கப் போயிருக்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பெரிய எண். சென்சஸில் கிராமம் என்பது வருவாய் கிராமம், வி.ஏ.ஓ. கணக்கு வைத்திருக்கிறாரே அந்த எல்லை. நாம் ஊர் என்று சொல்வது பெரும்பாலும் அதற்குள் இருக்கும் ஓர் உட்கடைக் கிராமம். தமிழ்நாட்டில் ஊராட்சிகள் 12,500 சொச்சம், இப்படி உட்கடையாக இருக்கும் குக்கிராமங்கள் 79,000க்கு மேல். உங்கள் ஊர், பக்கத்து ஊர், காலனி, கண்மாய்க்கு அந்தப் பக்கம் இருக்கும் குடியிருப்பு எல்லாம் ஒரே பெயரில் கூட்டி வந்திருக்கும். உட்கடை வாரியாகப் பிரித்த எண் அதில் கிடைக்காது. ஊராட்சி எல்லையும் வருவாய் கிராம எல்லையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, அதையும் வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, நோட்டுகள் ஏன் ஒத்துப்போகவில்லை. ஒவ்வொன்றும் எண்ணுவது வேறு வேறு பொருள். வரிப் பதிவேடு கட்டடத்தை எண்ணுகிறது, ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும். ரேஷன் கடை அட்டையை எண்ணுகிறது, மகனுக்குக் கல்யாணம் ஆனதும் தனி அட்டை வாங்கிவிடுவார்கள், சாப்பாடு என்னவோ அம்மா கையால்தான். அங்கன்வாடி நோட்டில் கர்ப்பிணியும் சின்னப் பிள்ளையும் இருக்கும் வீடுகள் கவனமாக இருக்கும், கிழவன் கிழவி மட்டும் இருக்கும் வீடு சில இடத்தில் விட்டுப்போயிருக்கும். யாரும் பொய் எழுதவில்லை, அவரவர் வேலைக்கு வேண்டியதை எண்ணியிருக்கிறார்கள்.

சென்சஸில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது இதுதான். தனி வாசல் இருந்தால் ஒரு வீடு. வாசல் தெருவைப் பார்த்து இருக்கலாம், பொது முற்றத்தைப் பார்த்தும் இருக்கலாம். ஒரே சமையலில் சாப்பிட்டு வழக்கமாகச் சேர்ந்து வாழ்பவர்கள் ஒரு குடும்பம். அதனால் ஒரு வீட்டுக்குள் இரண்டு குடும்பம் இருக்கலாம். வாசலில் நின்றுகொண்டு "எத்தனை குடும்பம்" என்று கேட்டால் "எல்லாம் ஒரே குடும்பந்தான் சார்" என்பார்கள், பாசத்தில் சொல்வது. "உலை எத்தனை வைக்கிறீங்க" என்று கேளுங்கள், "சின்னவன் போன தையிலிருந்து தனியா வைக்கிறான்" என்று வரும். அப்போது இரண்டு குடும்பம் என்று எழுதுங்கள்.

ஆள் கணக்குக்கு 2011இல் பிப்ரவரி 9 முதல் 28 வரை. அந்த நாட்கள் முழுக்க வெளியூரிலேயே இருப்பவர் அங்கேதான் சேர்வார், ஊர்க் கணக்கில் வரமாட்டார். துபாய்க்காரர் எந்த ஊரிலும் வரமாட்டார். வீடில்லாதவர்களைப் பிப்ரவரி 28 இரவில் எண்ணினோம், மார்ச் முதல் ஐந்து நாள் திரும்பப் போய்ப் பிறப்பு இறப்பு சரிபார்த்தோம்.

இன்னொன்று முக்கியம். ஆள் கணக்குதான் 2011. வீட்டுக் கணக்கு அதற்கு முந்தைய வருஷமே, 2010இல் எடுத்தது. அரசின் பசுமை வீடு திட்டம் வருவதற்கு முன்னால், தூய்மை இந்தியா கழிப்பறைகள் வருவதற்கு முன்னால். அப்போது தமிழ்நாட்டுக் கிராமங்களில் வளாகத்துக்குள் கழிப்பறை இருந்தது நூற்றுக்கு 23 குடும்பத்துக்குத்தான். அந்த அட்டவணையை எடுத்து இன்றைய ஊர் நிலவரம் என்று போட்டுவிடாதீர்கள். 2021 சென்சஸ் நடக்கவே இல்லை என்பதால் நடுவில் வேறு கணக்கும் கிடையாது. உங்கள் ஊர் சின்ன ஊர் என்றால் வீடு வீடாக நீங்களே எடுப்பதுதான் வழி.

---

காரைக்குடி மெய்யம்மை:

வாத்தியார் சார் சொன்ன உலைக் கணக்குக்கு எங்கள் பக்கமே நல்ல உதாரணம். நகரத்தார் வீட்டில் கல்யாணம் ஆன மகனை வேறு வைப்பார்கள், வீடு ஒன்றுதான், வளவும் (நடு முற்றமும் அதைச் சுற்றிய பகுதியும்) ஒன்றுதான், ஆனால் ஒவ்வொருவருக்கும் தனி அடுப்பு, தனி அறை. கோயிலுக்குப் புள்ளி வரி போடும்போது கல்யாணம் ஆன ஒவ்வொருவரும் ஒரு புள்ளி. ஒரு கதவுக்குப் பின்னால் எத்தனையோ புள்ளி. அதே வீடு இன்றைக்கு ஒரு காவல்காரர் மட்டும் இருக்கும் வீடு. அதனால் கட்டடத்தின் அளவைப் பார்த்து ஆள் எண்ணிக்கையை ஊகிக்க வேண்டாம் முத்து, கதவைத் தட்டித்தான் ஆகவேண்டும்.

---

வைகை செல்வி:

நான் மகளிர் குழுக்களோடு வேலை செய்கிறேன், வீட்டுக் கணக்கு எடுக்கப் பல ஊருக்குப் போயிருக்கிறேன்.

முத்து, தலைக்கட்டு நோட்டை ஆரம்பப் பட்டியலாக எடுக்கலாம் என்று யாராவது சொல்வார்கள், எடுக்காதீர்கள். அது கோயில் வரி கட்டுகிறவர்களின் பட்டியல். பல ஊரில் காலனி வீடுகள் அதில் இருக்காது, புருஷன் இல்லாத பெண்ணுக்கு அரைத் தலைக்கட்டு அல்லது ஒன்றுமே இல்லை, பிழைக்க வந்து புறம்போக்கில் குடிசை போட்டிருப்பவர் இருக்கவே மாட்டார். ஊரிலேயே வீடு மிக மோசமாக இருப்பவர்கள் யாரோ அவர்கள்தான் அதில் விட்டுப்போகிறார்கள். விவரக் குறிப்பே அவர்களுக்காகத்தான் வேண்டும் என்பது என் எண்ணம். அதனால் காலனியிலிருந்து ஆரம்பியுங்கள், ஊர்ப் பொதுத் தெருவைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். நேரம் போதவில்லை என்றால் எப்போதும் கடைசித் தெருதான் அடிபடும், அது காலனியாக இருக்கக் கூடாது.

கூடவே காலனியிலிருந்து ஒருவரையும் ஒரு பெண்ணையும் கூட்டிப் போங்கள். பகல் பதினொரு மணிக்குப் போனால் வீட்டில் இருப்பது பாட்டிதான், நூறு நாள் வேலை முடிந்து வந்த பிறகு அல்லது விளக்கு வைத்த பிறகு போனால்தான் ஆள் கிடைக்கும்.

வயது கேட்பதில் ஒரு தொந்தரவு உண்டு. பெரியவர்கள் எல்லோரும் "அறுபது இருக்கும்", "எழுபது ஆச்சு" என்று முழு எண்ணாகச் சொல்வார்கள், அப்படியே எழுதினால் ஊரில் 60க்கும் 70க்கும் நடுவில் ஆளே இல்லாத மாதிரி வரும். ஆதாரில் இருக்கும் பிறந்த தேதியும் பலருக்கு யாரோ உத்தேசமாகப் போட்டதுதான். நம் பக்கத்துக்கு ஒரு நல்ல குறிப்பு இருக்கிறது: தனுஷ்கோடியை அழித்த புயல், 1964 டிசம்பர். "அந்தப் புயல் அடிச்சப்ப நீங்க நடக்கிற பிள்ளையா, பள்ளிக்கூடம் போனீங்களா, வயசுக்கு வந்துட்டீங்களா?" என்று கேட்டால் பாட்டிகள் அந்த ராத்திரியையே சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள், வயது இரண்டு மூன்று வருஷத்துக்குள் கிடைத்துவிடும். இளையவர்களுக்கு எம்.ஜி.ஆர். இறந்த 1987.

அறுபதைத் தாண்டியவர் எத்தனை, அதில் தனியாக இருப்பவர் எத்தனை என்று கட்டாயம் எடுங்கள். சென்சஸின் கிராம அளவுப் பட்டியலில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத்தான் வயதுவாரியாகப் பிரித்திருப்பார்கள், முதியவர் எண்ணிக்கை அதில் கிடையாது. நம் பக்கத்து ஊர்களுக்கு அதுதான் இன்றைக்கு முதல் கேள்வி.

வீட்டைப் பற்றிக் கேட்கும்போது கூரை, சுவர், தரை மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். மேலே சிமென்ட் ஷீட், சுவர் மண், தரை சாணி மெழுகினது என்று இருக்கும் வீட்டை "ஷீட் வீடு" என்று ஒரே வார்த்தையில் முடித்தால் அது நல்ல வீட்டுக் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடும். அரசு கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு என்றால் எப்போது கட்டினது என்று கேளுங்கள். பழைய தொகுப்பு வீடுகளில் உள்ளே போய் அண்ணாந்து பாருங்கள், கான்கிரீட் பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரியும், மழைக்கு அதற்குக் கீழே அண்டா வைத்திருப்பார்கள். பட்டியலில் அது கான்கிரீட் வீடு என்பதால் புது வீட்டுத் திட்டத்தில் பெயர் வராது. கழிப்பறையும் அப்படித்தான், இருக்கிறதா என்பதோடு விட்டுவிடாமல் உள்ளே பாருங்கள், விறகு அடுக்கியிருந்தால் தண்ணீர் வரவில்லை என்று அர்த்தம், குழி நிறைந்துவிட்டது என்று அர்த்தம். காரணத்தையும் ஒரு வரி எழுதுங்கள்.

---

கண்மாய்க்கரை முத்து:

செல்வி அக்கா, வாத்தியார் ஐயா, மெய்யம்மை அக்கா, ரொம்ப நன்றி. காலனியிலிருந்து ஆரம்பிக்கிறேன், என்னோடு படித்த நண்பன் ஒருவன் அங்கே இருக்கிறான், அவனையும் அங்கன்வாடி அக்காவையும் கேட்டுவிட்டேன், இரண்டு பேரும் வருகிறேன் என்றார்கள்.

பூட்டின வீடுதான் இன்னும் குழப்பம். சிலர் பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் வருவார்கள். சிலர் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, பிள்ளைகள் பள்ளிக்கூடம் அங்கேதான், ஆனால் ஓட்டும் ரேஷனும் இங்கே. சிலர் வீடு இடிந்தே கிடக்கிறது. அப்புறம் இதையெல்லாம் சதவீதமாகப் போட்டு மாவட்டத்தோடு ஒப்பிட்டுக் காட்டலாமா?

---

எண்ணும் எழுத்தும்:

புள்ளியியல் படித்தவன் என்ற முறையில் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். சின்ன ஊருக்குச் சதவீதம் பெரிய தொல்லை. மொத்தமே 60 வீடு என்றால் மூன்று வீடு கூடினாலே 5 சதவீதம் ஏறிவிடும், பார்ப்பவர் ஏதோ பெரிய மாற்றம் என்று நினைப்பார். குழந்தைகளில் ஆண் பெண் விகிதம் இன்னும் மோசம். ஒரு பேச்சுக்கு 18 பையன், 12 பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள், கணக்குப் போட்டால் ஆயிரத்துக்கு 667 என்று வரும். ஊர் மேலேயே பழி விழும், ஆனால் 30 பிள்ளைகளில் அது தற்செயலாகவே நடக்கக்கூடிய விஷயம். ஆளாகவே எழுதுங்கள், 18, 12 என்று. ஒப்பிட வேண்டும் என்றால் ஊர் முழுக்க எல்லா வயதுக்கும் சேர்த்து ஒப்பிடுங்கள். 2011இல் சிவகங்கை மாவட்டத்தில் 13,39,101 பேர், ஆயிரம் ஆணுக்கு 1003 பெண், மாநிலத்தில் 996. ஆண்கள் வெளியே போவதும் இதற்கு ஒரு காரணம் என்பதால், உங்கள் ஊரில் 20 முதல் 45 வயதுக்குள் இதைத் தனியாகப் பார்த்தால் நன்றாகத் தெரியும். குடும்ப அளவுக்கும் மாநில எண் இருக்கிறது, 2011இல் ஒரு குடும்பத்துக்கு நாலு பேருக்குச் சற்றுக் குறைவு. உங்கள் ஊரில் சராசரியை மட்டும் போடாமல் ஓராள் குடும்பம் எத்தனை, ஈராள் குடும்பம் எத்தனை என்று பிரித்துப் போடுங்கள். ஆறு பேர் வீடும் ஒற்றைப் பாட்டி வீடும் சேர்ந்தால் சராசரி ஒழுங்காகத்தான் தெரியும்.

பூட்டின வீட்டை ஒரே கட்டத்தில் போடாதீர்கள், மூன்றாகப் பிரியுங்கள். வருஷத்தில் சில நாள் வந்து தங்குவது, யாரும் வராமல் பூட்டியே இருப்பது, இடிந்து குடியிருக்கவே முடியாதது. மூன்றும் வீட்டு எண்ணிக்கையில் வரட்டும், குடும்ப எண்ணிக்கையில் வேண்டாம். திருப்பூர்க்காரர்களுக்கு "வெளியூரில் இருப்போர்" என்று தனிப் பக்கம் போட்டு, எந்த ஊர், என்ன வேலை, எந்த வருஷம் போனார்கள், பிள்ளைகளையும் கூட்டிப் போனார்களா என்று எழுதுங்கள். குடிதண்ணீரைக் கணக்கிட ஊரில் இருக்கும் ஆள் எண்ணிக்கை வேண்டும், திருவிழா நாளுக்கு வெளியூரில் இருப்போரையும் கூட்டின எண்ணிக்கை வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் எதற்கும் உதவாது.

குறிப்பில் எடுத்த தேதியைப் பெரிதாகப் போடுங்கள். வீட்டுக்காரர் பெயர், கைபேசி எண், ஆதார் எண், யாருக்கு என்ன நோய் என்பதெல்லாம் கிராமசபையில் வைக்கும் தாளில் வரக் கூடாது, தெரு வாரி மொத்தம் மட்டும் போதும். ஒரு தெருவில் நாலைந்து வீடுதான் என்றால் அதைப் பக்கத்துத் தெருவோடு சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் பெயர் போடாமலே யார் என்று தெரிந்துவிடும்.

---

கணக்கெடுப்பு வாத்தியார்:

தம்பி, ஒன்று விட்டுப்போனது. அறை எண்ணிக்கை கேட்பீர்களே, சமையலறை, குளியலறை, சாமான் அறை, திண்ணை சேராது. நாலு சுவர், வாசல், மேலே கூரை இருந்து ஓர் ஆள் நீட்டிப் படுக்க இடம் இருந்தால்தான் அறை. "ஒரு அறைதான்" என்று சொல்லும் வீட்டில் கல்யாணமான ஜோடி எத்தனை என்றும் கேளுங்கள், சென்சஸிலும் அது உண்டு. ஓர் அறையில் இரண்டு ஜோடி இருக்கும் வீடு எதுவோ அதுதான் இடப் பற்றாக்குறை உள்ள வீடு, கூரை என்னவாக இருந்தாலும்.

புது சென்சஸின் வீட்டுப் பட்டியல் வேலை 2026 ஏப்ரலுக்கும் செப்டம்பருக்கும் நடுவில் மாநிலத்துக்கு 30 நாள் என்று வைத்திருக்கிறார்கள், ஆள் கணக்கு 2027 பிப்ரவரியில். உங்கள் தாளில் கேள்விகளை அதே வரிசையில் வைத்துக்கொண்டால் பிறகு ஒப்பிட்டுப் பார்க்கலாம். உட்கடை பிரித்து அவர்கள் தரமாட்டார்கள் என்பதால் உங்கள் நோட்டின் தேவை அப்போதும் இருக்கும். எழுதின தாள்களின் நகல் ஒன்றை ஊராட்சிச் செயலரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கி வையுங்கள், ஊராட்சியில் ஆள் மாறினால் அடுத்தவர் தேடாமல் எடுக்கலாம்.