அப்பாவின் பெட்டியில் ஒரு சுருள் கல்: எங்கிருந்து வந்திருக்கும்?

கோத்தகிரி மலர்:
அப்பா போன மாதம் தவறிவிட்டார். அவருடைய தகரப் பெட்டியில், வேட்டிகளுக்கு அடியில், உள்ளங்கை அகலத்தில் ஒரு சுருள் கல் இருந்தது. வெளிர் மஞ்சள் நிறம். சாளக்கிராமம் என்று அம்மா சாமி மாடத்தில் வைத்துவிட்டார். தேயிலைக்குக் குழி வெட்டும்போது கிடைத்திருக்கும் என்கிறார் சித்தப்பா. கல்யாணத்துக்கு முன்பு அப்பா அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அந்த நாட்களைப் பற்றி அவர் பேசியதே இல்லை. அதனால்தான் கேட்கிறேன்.

குன்னூர் வாத்தியார்:
இது கல்லாகிப்போன கடல் பிராணி ஓடு போலத் தெரிகிறது, நீலகிரியில் கிடைத்திருக்க வாய்ப்பில்லை அம்மா. நம் மலை சார்னோகைட் பாறை. பூமிக்கு அடியில் வெந்து உருவானது, சுமார் 250 கோடி ஆண்டுப் பழசு. அப்போது ஓடுள்ள பிராணியே கிடையாது. சாளக்கிராமம் நேபாளத்துக் கண்டகி நதியில் கிடைப்பது, கறுப்பாக இருக்கும். அதற்குள் இருப்பது பெரும்பாலும் அம்மோனைட், அதாவது சுருள் ஓடு கொண்ட, அழிந்துபோன கடல் பிராணி.

செந்துறையான்:
அக்கா, எங்கள் அரியலூர்ப் பக்கத்துக் கல் மாதிரிதான் தெரிகிறது. டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியக் காலத்தில் இங்கே கடல் இருந்தது. மேல்தோலில் குறுக்காக ஓடும் கோடுகளைப் பாருங்கள். முருங்கை இலைக் கொத்து மாதிரி கிளைவிட்டு நெளிந்தால் அம்மோனைட். சும்மா அலைபோல வளைந்து போனால் நாட்டிலஸ், அதுவும் சுருள் ஓட்டுக் கடல் பிராணிதான். உடைந்த முனை இருந்தால் இன்னும் நல்லது: உள்ளே கிண்ணம் போன்ற தடுப்பு தெரியும். அதில் சிறு துளை நடுவாக்கில் இருந்தால் நாட்டிலஸ், வெளி ஓரத்தை ஒட்டி இருந்தால் அம்மோனைட். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்த பேரழிவில் அம்மோனைட் இனமே போய்விட்டது, நாட்டிலஸ் பிழைத்தது. அதனால்தான் அதற்குப் பிந்தைய, எங்கள் பக்கத்து நின்னியூர்ச் சுண்ணாம்புக்கல்லில் இந்த இரண்டில் நாட்டிலஸ் மட்டும் கிடைக்கும். சின்ன வயதில் அப்படி ஒரு நாட்டிலஸ் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருப்பேன்.

கோத்தகிரி மலர்:
தம்பி, லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கோடுகள் அலைபோலத்தான் இருக்கின்றன. துளை நடுவில். முனையில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டேன், நுரைத்தது. அப்படியென்றால் சுண்ணாம்புக்கல்தானே? அத்தனை வருடமும் அப்பா இதைப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். அம்மாவிடம் சொன்னேன். மாடத்திலேயே இருக்கட்டும், வெள்ளிக்கிழமை அபிஷேகம் செய்யலாம் என்கிறார்.

செந்துறையான்:
நாட்டிலஸேதான் அக்கா. மாடத்தில் இருக்கட்டும், ஆனால் தயிர், பஞ்சாமிர்தம், எலுமிச்சை எதுவும் வேண்டாம். புளிப்பு சுண்ணாம்பை அரித்துவிடும். அம்மாவுக்கு மனம் கேட்கவில்லை என்றால் சுத்தத் தண்ணீர் கொஞ்சம் விட்டு, உடனே துணியால் ஒற்றிவிடச் சொல்லுங்கள். பூ வைத்தாலே போதும்.