388 வெள்ளி கொடுத்து கச்சேரிக் கூட்டத்துல நசுங்குறது மனசுக்கு நல்லதா?

செந்தூல்வாசி:
போன வாரம் இங்க ஒருத்தர், "நாலு பேரோட நேர்ல பாட்டு கேட்டா மனசுக்கு மருந்து"ன்னு எழுதியிருந்தார். நம்பி கோலாலம்பூர் புக்கிட் ஜாலில்ல நடந்த கச்சேரிக்குப் போனேன். டிக்கெட் 388 வெள்ளி. பாடகர் தீக்குச்சி அளவுக்குத் தெரிஞ்சார், மத்ததெல்லாம் திரையிலதான். கார் பார்க்க விட்டு வெளிய வர ஒன்றரை மணி நேரம். ஞாயித்துக்கிழமை முழுக்க காதுல ‘ஙொய்’. எனக்கு ஹெட்போனே போதும்.

தண்ணீர்மலைப்பொண்ணு:
அண்ணே, அப்பா போனப்புறம் எங்கம்மா ஒரு வருசம் வாசல் தாண்டல. தைப்பூசத்துக்கு வம்பா இழுத்துட்டுப் போனேன். உறுமி பக்கத்துல வந்ததும் செருப்புக் கால் தானா தட்டுச்சு. தண்ணீர்ப் பந்தல்ல யாரோ ஒரு அக்கா மோர் கொடுத்து, "எந்த ஊரும்மா?"ன்னாங்க. அரை மணி நேரம் பேச்சு! அதே மேளத்த வீட்ல யூடியூப்ல போட்டா, "சத்தத்தக் குறை"ங்கிறாங்க.

2019-ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல வந்ததப் பாருங்க. இங்கிலாந்துல 50 வயசு தாண்டின 6,000 பேருக்கு மேல, 14 வருசம் கவனிச்சாங்க. சில மாசத்துக்கு ஒரு தடவையாவது கச்சேரி, நாடகம்னு போனவங்களுக்கு இறப்பு அபாயம் 31 சதவீதம் கம்மி.

செந்தூல்வாசி:
அதுல மியூசியமும் சேர்த்தி தங்கச்சி. தெம்பும் காசும் இருக்கறவன்தான் போவான், அவன்தான் அதிகநாள் இருப்பான்.

தண்ணீர்மலைப்பொண்ணு:
காசு, உடம்பு நிலை எல்லாத்தையும் கழிச்சப்புறம்தான் அந்த 31. ஆனா, கச்சேரிதான் காரணம்னு அது நிரூபிக்கல, ஒத்துக்கிறேன்.

உறுமிக்காரன்:
ரெண்டு பேரும் முக்கியமானத விட்டுட்டீங்க. ஆக்ஸ்ஃபோர்டு உளவியல் ஆய்வாளர் ராபின் டன்பர் குழு 2012-ல வெளியிட்ட ஆய்வுல, பாடினவங்க, ஆடினவங்க, மேளம் அடிச்சவங்களுக்கு வலி தாங்குற சக்தி கூடியிருந்துச்சு. உடம்பே சுரக்கிற வலி நிவாரணி எண்டார்ஃபின், அதோட வேலைன்னு சொன்னாங்க. சும்மா கேட்டவங்களுக்கு அது இல்ல. இருபது வருசமா அடிக்கிறேன், தோள் வலி மறுநாள்தான் தெரியும். தம்பி, நீங்க கூடப் பாடினீங்களா?

காதுக்கு: உலக சுகாதார நிறுவனம் 2022-ல இசை அரங்குகளுக்குச் சொன்ன உச்ச சத்த அளவு, 15 நிமிசச் சராசரியா 100 டெசிபெல். ஃபார்மசியில பஞ்சு மாதிரி காதடைப்பான் விக்கிறான், நான் அது இல்லாம மேளத்தத் தொடறதில்ல.

செந்தூல்வாசி:
பாடுறதா? எழுந்து கை தட்டினேன், பின்னாடி இருந்தவர் "ப்ரோ, மறைக்குது"ன்னார். உக்காந்துட்டேன்.

தண்ணீர்மலைப்பொண்ணு:
அப்ப தைப்பூசத்துக்குப் பினாங்கு வாங்கண்ணே. டிக்கெட் இல்ல, உக்காரச் சொல்ல ஆளும் இல்ல.

செந்தூல்வாசி:
பார்க்கிங்?

உறுமிக்காரன்:
😂 நடந்து வா தம்பி.