அப்பாவுக்கு மோட்டார் நியூரான் நோய், புது ஊசி உதவுமா?

சாட்ஸ்வர்த் மகள்:
வணக்கம். போன தைப்பூசத்துக்குக் காவடி எடுத்த அப்பாவுக்கு இந்த வருஷம் பால்குடம் பிடிக்கக்கூடக் கை வரவில்லை, சட்டைப் பொத்தானை அம்மாதான் போட்டுவிடுகிறார். டர்பனில் நரம்பு டாக்டர் ஏஎல்எஸ், அதாவது தசையை இயக்கும் நரம்புகள் சிதையும் மோட்டார் நியூரான் நோய் என்று சொல்லி ரிலுசோல் மாத்திரை கொடுத்தார். டோஃபர்சன் என்று புது ஊசி வந்திருக்கிறது என்கிறான் தம்பி. இன்னொரு இடத்தில் ஸ்டெம் செல் ஏற்றினால் சரியாகிவிடும் என்கிறார்கள், அதற்காக வீட்டை விற்கவே அப்பா கிளம்பிவிட்டார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பீனிக்ஸ் நர்ஸ்:
தங்கச்சி, வீட்டை விற்க விடாதீர்கள். ஸ்டெம் செல் இந்த நோயைக் குணப்படுத்தும் என்று இதுவரை எந்தச் சோதனையும் காட்டவில்லை. டோஃபர்சன் உண்மையான மருந்து, 2023 ஏப்ரலில் அமெரிக்காவிலும் அடுத்த வருஷம் ஐரோப்பாவிலும் அனுமதி கிடைத்தது. ஆனால் எஸ்ஓடி1 மரபணுவில் பிழை இருப்பவர்களுக்கு மட்டும்தான், நோயாளிகளில் நூற்றுக்கு இரண்டு பேர் அளவுதான் அப்படி. அந்தப் பிழையால் நச்சுப் புரதம் உருவாகிறது; அதைச் செய்யச் சொல்லும் ஆர்என்ஏவை இந்த மருந்து அழித்துவிடும். முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீரில் செலுத்துவார்கள், முதல் மூன்றும் இரண்டு வார இடைவெளியில், அப்புறம் 28 நாளுக்கு ஒன்று. 108 பேரிடம் நடந்த சோதனையில் 28 வாரத்தில் உடல் இயக்கத்தில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை, ஆனால் நரம்புச் சிதைவைக் காட்டும் நியூரோஃபிலமெண்ட் என்ற புரதம் ரத்தத்தில் நன்றாகக் குறைந்தது. அதை வைத்துத்தான் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். அதனால் முதலில் மரபணுச் சோதனை கேளுங்கள்.

டொங்காட் தம்பி:
என் அண்ணனுக்கும் இதே நோய். 2022இல் அமெரிக்காவில் ரெலிவ்ரியோ என்ற ஏஎல்எஸ் மருந்துக்கு அனுமதி கிடைத்ததும் அதை வரவழைக்க எங்கெங்கோ ஓடினோம், பெரிய சோதனையில் பலன் இல்லை என்று 2024இல் கம்பெனியே திரும்ப எடுத்துக்கொண்டது. இந்த நோயில் மூச்சுத் தசையும் தளரும், அந்த ஓட்டத்தில் அதைக் கவனிக்காமல் விட்டோம், பார்த்த ஆஸ்பத்திரியிலும் யாரும் சொல்லவில்லை. மூன்று தலையணை வைத்து உட்கார்ந்தே தூங்குவார், விடிந்தால் தலைவலி. இரவில் மூச்சுக்கு உதவும் பைபேப் கருவியின் முகமூடி போட்ட பிறகுதான் காலையில் சிரித்த முகத்தைப் பார்த்தோம். மூச்சுத் திறனை இப்போதே அளக்கச் சொல்லுங்கள்.

சாட்ஸ்வர்த் மகள்:
ரொம்ப நன்றி. அத்தைக்கும் நாற்பது வயதில் கால் சூம்பி, அப்புறம் படுக்கையாகிப் போனார். ஏதோ வாதம் என்று விட்டுவிட்டோம். இதை டாக்டரிடம் சொல்ல வேண்டுமா?

பீனிக்ஸ் நர்ஸ்:
கட்டாயம், நாளைக்கே. ஆனால் ரத்தம் எடுப்பதற்கு முன் மரபணு ஆலோசகரிடம் பேசுங்கள். அப்பாவுக்கு எஸ்ஓடி1 பிழை இருந்தால் உங்களுக்கும் தம்பிக்கும் அது வந்திருக்க ஆளுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. தெரிந்துகொள்ள வேண்டுமா என்று நீங்கள் இருவரும் தனித்தனியாக யோசித்து வையுங்கள்.