கார்பன் கழுவுவதா வேண்டாமா: சுங்கை சிப்புட் வட்டாரக் காடிக்காரர்களின் அனுபவப் பகிர்வு

ஸ்பேனர்12 (பெட்ரோல் காடி பட்டறை, சுங்கை சிப்புட்)

“அண்ணே, காடி நடுங்குது, கார்பன் கழுவணுமா?” இந்தக் கேள்வி ஓயாமல் வருகிறது. கார்பன் என்பது எஞ்சினுக்குள் படியும் கரி. தெரிந்ததை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். டீசல், டர்போ தெரிந்தவர்கள் உங்கள் பங்கைச் சேருங்கள்.

முதலில் உங்கள் எஞ்சின் பெட்ரோலை எங்கே தெளிக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். மைவி, ஆக்சியா, பெஸ்ஸா, கேம்ப்ரோ எஞ்சின் போட்ட சாகா, பெர்சோனா எல்லாம் வால்வுக்கு முன்னால், காற்று உள்ளே போகும் இன்டேக் குழாயிலேயே தெளிக்கிற ரகம். உள்ளே போகிற பெட்ரோல் ஒவ்வொரு முறையும் இன்டேக் வால்வின் முதுகை நனைத்துவிட்டுத்தான் போகிறது. நிலையத்தில் ஊற்றும் பெட்ரோலிலேயே அழுக்கு நீக்கும் மருந்து கொஞ்சம் கலந்திருப்பதால் இவற்றில் வால்வு முதுகு கெட்டியாக அடைத்துக்கொள்வது அபூர்வம். கார்பன் சேர்வது த்ரோட்டில் பாடியிலும் (உள்ளே போகும் காற்றைத் தகட்டால் கட்டுப்படுத்தும் பாகம்) பிஸ்டன் தலையிலும்தான்.

ப்ரோட்டோன் எக்ஸ்70, மாஸ்டா ஸ்கைஆக்டிவ், ஃபோக்ஸ்வேகன் டிஎஸ்ஐ, சிவிக் 1.5 டர்போ போன்றவை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சுகிறவை. இவற்றில் வால்வின் மேல் பெட்ரோல் படுவதே இல்லை. 2020இல் வந்த எக்ஸ்50ஐ வைத்திருப்பவர்கள் கவனியுங்கள்: ஃபிளாக்‌ஷிப் என்ற உச்ச வகை மட்டும் நேரடி ரகம், அதற்குக் கீழே உள்ள மூன்று வகைகளும் குழாயில் தெளிப்பவை. காடியின் பெயர் ஒன்று, வைத்தியம் இரண்டு.

இனி நடுக்கத்துக்கு வருவோம். மைவியில் பிரேக்கை மிதித்து, ஏசி போட்டு, கியரை டி-யில் வைத்தால் ஸ்டியரிங் அதிர்கிறது, என்-னுக்கு மாற்றினால் அடங்கிவிடுகிறது என்றால் முதல் சந்தேகம் எஞ்சினைத் தாங்கும் ரப்பரான எஞ்சின் மவுண்டிங் மேல்தான். பானட்டைத் திறந்து வைத்து, ஒருவர் பிரேக்கை அழுத்தியபடி டி-யும் ஆர்-ரும் மாற்றட்டும். நீங்கள் பக்கவாட்டில் நின்று பாருங்கள், காடிக்கு முன்னால் நிற்க வேண்டாம். எஞ்சின் துள்ளி விழுந்தால் ரப்பர் போய்விட்டது. அதற்குக் கார்பன் மருந்து எத்தனை போத்தல் ஊற்றினாலும் பலன் இல்லை.

அடுத்தது பிளக், அதற்கு மின்சாரம் கொடுக்கும் காயில். காடியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரில் பி0302 என்ற கோடு வந்தால் 2ஆம் சிலிண்டர் எரியாமல் தவறுகிறது. அந்தக் காயிலைக் கழற்றி 3இல் போட்டு, 3இல் இருந்ததை 2இல் போட்டு ஓட்டுங்கள். கோடு பி0303 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறாமல் 2இலேயே நின்றால் பிளக், இன்ஜெக்டர் (பெட்ரோல் தெளிப்பது), கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் அமுங்கும் காற்றின் அழுத்தம்) என்று அடுத்தடுத்துப் பார்க்கலாம். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை, ஒரு 10 மிமீ ஸ்பேனர் போதும்.

த்ரோட்டில் பாடி கழுவுவது உண்மையிலேயே பலன் தரும் வேலை. அதைச் சரியாகச் செய்ய வேண்டும். சாவியை எடுத்துவிட்டு பேட்டரி நெகடிவைக் கழற்றுங்கள். காற்றுக் குழாயை விலக்கியதும் தகட்டின் விளிம்பைச் சுற்றிக் கறுப்பு வளையம் தெரியும். ஸ்பிரேயைத் துணியில் அடித்துத் துடையுங்கள், நேராக உள்ளே பீய்ச்ச வேண்டாம். கேபிள் இல்லாத எலெக்ட்ரானிக் த்ரோட்டில் என்றால் தகட்டை விரலால் பலமாகத் தள்ளக் கூடாது, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரம் கெட்டுவிடும். பழைய கார்புரேட்டர் ஸ்பிரேயும் வேண்டாம். சில த்ரோட்டில்களில் விளிம்பில் மெல்லிய பூச்சு இருக்கும், அந்த மருந்து அதைத் தின்றுவிடும். “த்ரோட்டில் பாடி” என்று குறித்திருப்பதையே வாங்குங்கள்.

கழுவி முடித்ததும் ஐடில் (பெடலை மிதிக்காதபோது எஞ்சின் சுற்றும் வேகம்) ஏறி நின்றால் பயப்பட வேண்டாம். அழுக்கு இருந்தபோது கம்ப்யூட்டர் தகட்டைக் கூடுதலாகத் திறந்து பழகியிருக்கும், இப்போது அதே திறப்பில் காற்று அதிகம் போகிறது. எஞ்சினைச் சூடேற்றி, ஏசி இல்லாமல் 10 நிமிடம், பிறகு ஏசியோடு கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டால் பெரும்பாலும் இறங்கிவிடும். இறங்காவிட்டால் ஸ்கேனரில் ரீலேர்ன் செய்ய, அதாவது கம்ப்யூட்டரைப் புதிதாகப் பழக்க, வேண்டும்.

ஓபிடி தம்பி (சலாக்)

அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கண்ணால் பார்க்காமல் கழுவக் காசு கொடுக்காதீர்கள். 5.5 மிமீ தலை உள்ள கேமரா, கைத்தொலைபேசியில் செருகுவது, இப்போது மலிவு. பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக இறக்குங்கள். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கேமராவின் முனை உருகிவிடும். கழற்றும் முன் பிளக் குழியைக் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள், அங்கே கிடக்கும் மணல் நேராகச் சிலிண்டருக்குள் விழும்.

உள்ளே என்ன தெரியும்? நல்ல பிஸ்டன் தலையில் சாம்பல் கலந்த பழுப்பில் மெல்லிய படலம் இருக்கும், அடியில் அலுமினியத்தின் வெட்டுக் கோடுகள் மங்கலாகத் தெரியும். அதைத் தொட வேண்டாம். வெயிலில் காய்ந்த சேற்றைப் போல வெடித்து, விளிம்பில் செதில் செதிலாகத் தூக்கி நின்றால் கவனிக்க வேண்டிய கார்பன். நடுப்பகுதி கறுத்திருக்க, விளிம்பில் மட்டும் ஒரு பிறை போலக் கழுவி விட்டாற்போல் பளபளவென்று ஈரமாக இருந்தால் அந்த ஓரத்துப் பிஸ்டன் வளையம் (ரிங்) வழியாக ஆயில் ஏறுகிறது. கார்பன் அங்கே விளைவுதான், நோய் வேறு.

பிளக்கையும் திருப்பிப் பாருங்கள். காய்ந்த கரிப்பொடி என்றால் பெட்ரோல் அதிகமாக எரிகிறது, அல்லது காடி சூடாகும் முன்பே நிறுத்தி நிறுத்தி ஓட்டப்படுகிறது. எண்ணெய்ப் பசை என்றால் ரிங் அல்லது வால்வு சீல்.

ஸ்கேனரில் லாங் டெர்ம் ஃபியூல் டிரிம் என்று ஒரு எண் வரும், கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பது அது. ஐடிலில் 10க்கு மேல் ஏறி, 2,500 சுற்றில் பிடிக்கும்போது இறங்கிவிட்டால் எங்கோ காற்று கசிகிறது. ஐடிலில் சரியாக இருந்து சுற்று ஏற ஏற எண்ணும் ஏறினால் பெட்ரோல் போதவில்லை, பம்ப்பையும் ஃபில்டரையும் பாருங்கள். இவை இரண்டையும் கார்பன் என்று சொல்லிக் கழுவி அனுப்பினால், காடி அதே கோளாறோடு திரும்பி வரும்.

செம்மண் சாலை (தோட்டத்து வண்டிகள்)

நம் பக்கத்துக் காடிகளில் கரி ஏன் சீக்கிரம் சேர்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். லயத்திலிருந்து பள்ளிக்கூடம் 3 கிமீ, அங்கிருந்து சந்தை 2 கிமீ, கோயில் வாசலில் ஏசி போட்டு அரை மணி நேரம். எஞ்சின் முழுச் சூட்டுக்கு வருவதற்குள் நிறுத்தியாகிவிடுகிறது. குளிர்ந்த எஞ்சினுக்குக் கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோல் கொடுக்கும். அது முழுதாக எரியாமல் கரியாகப் படியும். கிரேங்க் கேஸில் (ஆயில் இருக்கும் எஞ்சின் அடிப்பகுதி) நீராவி தங்கி ஆயில் மூடியின் அடியில் மோர் நிறத்தில் பசை பிடிக்கும். அதைக் கண்டதும் ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் தலைக்கு அடியில் உள்ள அடைப்பு) போய்விட்டது என்று பதற வேண்டாம். ரேடியேட்டர் தண்ணீர் குறையாமல் இருந்தால் குறைந்த தூர ஓட்டம்தான் காரணமாக இருக்கும்.

வாரத்தில் ஒரு நாள் ஈப்போ வரை போய் வாருங்கள். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, ஹைவேயில் சட்ட வேகத்துக்குள்ளேயே ஒரு கியர் குறைத்து 3,000 சுற்றுக்கு மேல் 15 நிமிடம் பிடித்தால் பிஸ்டன் தலையில் இருக்கும் மென்மையான கரி ஓரளவு எரிந்து போகும்.

காற்று ஃபில்டரை 5,000 கிமீக்கு ஒருமுறை கழற்றிப் பாருங்கள். கைப்புத்தகத்தில் போட்டிருக்கும் கெடு தார்ச்சாலைக்கு உரியது. லோரிக்குப் பின்னால் செம்மண் தூசியில் போகும் காடிக்கு அது பொருந்தாது. கிரேங்க் கேஸ் ஆவியை இன்டேக்குக்கு அனுப்பும் பிசிவி வால்வையும் மறக்காதீர்கள். கழற்றிக் காதருகே குலுக்கினால் கலகல என்று சத்தம் வர வேண்டும். சத்தம் இல்லையென்றால் உள்ளே ஒட்டிக்கொண்டது, மாற்றிவிடுங்கள், விலை குறைந்த சாமான்தான்.

தொட்டியில் ஊற்றும் மருந்து: குழாயில் தெளிக்கும் எஞ்சினுக்கு இது போதும், ஆனால் போத்தலில் பாலிஈதர் அமீன் என்ற அழுக்கு நீக்கி இருக்க வேண்டும். கேல்டெக்ஸ் டெக்ரோன் அந்த ரகம். அதன் 355 மில்லி போத்தல் 45 லிட்டர் பெட்ரோலுக்கு உரியது. இப்போதைய மைவியின் தொட்டி 36 லிட்டர், முக்கால் போத்தலுக்குச் சற்று மேல் போதும். தொட்டி கிட்டத்தட்ட காலியாக இருக்கும்போது மருந்தை முதலில் ஊற்றி, பிறகு முழுக்க நிரப்புங்கள். அந்தத் தொட்டி தீரும் வரை இடையில் பெட்ரோல் சேர்க்க வேண்டாம். ஆயில் மாற்றப் போவதற்கு முந்தின தொட்டியில் செய்வது நல்லது, கரைந்ததில் கொஞ்சம் ஆயிலுக்குள் இறங்கும். எஞ்சின் ஃபிளஷ் என்று விற்பது வேறு, அது ஆயில் பக்கத்துக் கசடுக்கு. இரண்டையும் குழப்பிக்கொண்டு ஃபிளஷைப் பெட்ரோல் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள்.

பூஸ்ட் 1.5

நேரடி இன்ஜெக்ஷன் காடிக்கு மேலே சொன்ன தொட்டி மருந்து இன்ஜெக்டர் நுனியையும் பிஸ்டன் தலையையும் சுத்தம் செய்யும், வால்வு முதுகுக்கு உதவாது. மருந்து அங்கே போகவே போகாதே. ஹைட்ரஜன் கிளீனிங்கைப் பற்றியும் பலர் கேட்கிறீர்கள். அந்த வாயு உள்ளே போய் எரிவது சிலிண்டருக்குள். இன்டேக் வால்வு மூடியிருக்கும்போதுதான் தீ எழும்புகிறது, வால்வின் பின்புறத்தில் ஒட்டியிருக்கும் தாரைத் தீ தொடுவதற்கு வழியே இல்லை. நூறு இருநூறு வெள்ளி கொடுத்து நேரடி இன்ஜெக்ஷன் காடிக்கு அதைச் செய்வதை நான் ஒப்பமாட்டேன்.

அதற்குச் சரியான வேலை வால்நட் ஓட்டுத் தூள். சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றி, எந்த சிலிண்டரைச் சுத்தம் செய்கிறோமோ அதன் இரண்டு இன்டேக் வால்வும் மூடியிருக்கும்படி கிரேங்க் புல்லியை ஸ்பேனரால் எஞ்சின் சுற்றும் திசையிலேயே திருப்ப வேண்டும். பிறகு வாக்குவம் குழாயோடு சேர்ந்த அடாப்டரை இன்டேக் வாயில் பொருத்தித் தூளை அடிக்க வேண்டும். வால்வு மூடியிருக்கிறதா என்பதை ஊகத்தில் விடக் கூடாது, டார்ச் அடித்துப் பாருங்கள். திறந்திருந்தால் தூள் மொத்தமும் சிலிண்டருக்குள். ஓட்டுத் தூளைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அது கரியைப் பெயர்க்கும் அளவுக்குக் கடினம், வால்வு இரும்பைக் கீறாத அளவுக்கு மென்மை. மணலை வைத்து யாராவது செய்கிறேன் என்றால் காடியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். மேனிஃபோல்ட் கேஸ்கெட் கண்டிப்பாகப் புதிது போட வேண்டும், பழையதை மாட்டினால் காற்றுக் கசிந்து மறுபடி நடுக்கம் வரும்.

எப்போது செய்வது? கிமீ கணக்கு மட்டும் பார்த்து வேண்டாம். காலையில் குளிர்ந்த எஞ்சினில் மிஸ்ஃபயர் (சிலிண்டர் எரியாமல் தவறுவது), சூடானதும் சரி, பிளக்கும் காயிலும் புதிது, இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் மேனிஃபோல்டைக் கழற்றிப் பார்க்க நேரம் வந்துவிட்டது.

ஓடும் எஞ்சினுக்குள் அடிக்கும் இன்டேக் ஸ்பிரே பற்றி: டர்போவுக்கு முன்னால் அடித்தால் திரவம் டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரில் தேங்கி, பெடலை அழுத்தும்போது ஒரே மடக்காகச் சிலிண்டருக்குள் போகும். திரவத்தை அமுக்க முடியாது, கனெக்டிங் ராட் வளையும். பெயர்ந்த கரிக்கட்டி டர்போ இறக்கையில் மோதும் ஆபத்தும் உண்டு.

கோலகங்சார் டீசல்

ஹைலக்ஸ், ட்ரைட்டோன் ஆட்களுக்கு. டீசலில் இஜிஆர் (புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பும் அமைப்பு) வழியாகத் திரும்பி வரும் புகைக்கரியும் கிரேங்க் கேஸ் எண்ணெய் ஆவியும் மேனிஃபோல்டில் சந்தித்துத் தார் ஆகின்றன. செம்பனைக் குலை எண்ணி முடிக்கும் வரை எஞ்சினை ஓடவிட்டு, பிறகு முதல் கியரில் ஊர்ந்து போகும் வண்டியில் இது வேகமாக வளரும். மேனிஃபோல்ட் வாயின் விட்டம் பாதியானால் காற்று போகும் பரப்பு கால்வாசிதான். வண்டி இழுக்காது, கறுப்புப் புகை தள்ளும்.

மேனிஃபோல்டை வெளியே எடுத்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும். கழற்றியதும் ஹெட்டின் ஒவ்வொரு வாயிலும் துணி அடையுங்கள், எத்தனை துணி என்று எண்ணிக்கொள்ளுங்கள், திரும்ப மாட்டும்முன் அத்தனையும் வெளியே இருக்க வேண்டும். அலுமினிய மேனிஃபோல்டைக் காஸ்டிக் சோடாவில் ஊறப்போடக் கூடாது, அது அலுமினியத்தையே தின்னும். டீசலில் ஒரு இரவு ஊறவைத்து, பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்து, டிகிரீசர் போட்டுத் தண்ணீரில் அலசி, முழுக்கக் காயவிட்டு மாட்டுங்கள். இஜிஆர் வால்வின் மோட்டார் பக்கம் எந்தத் திரவத்திலும் மூழ்கக் கூடாது. இஜிஆரைத் தகடு வைத்து அடைக்கச் சொல்வார்கள். எஞ்சின் விளக்கு எரியும், புகை மாசும் கூடும், நான் செய்வதில்லை.

புதிய உறுப்பினர்

அண்ணன்மார்களே, 2014 மைவி 1.3, 160,000 கிமீ. காலையில் மட்டும் ஐந்து நிமிடம் நடுங்கும். ஈப்போவில் 350 வெள்ளிக்குக் கார்பன் கழுவலாம் என்றார்கள். செய்யட்டுமா?

ஸ்பேனர்12

இப்போது வேண்டாம் தம்பி. பிளக்கைக் கழற்றி நான்கையும் வரிசையாக வைத்துப் படம் எடுத்துப் போடுங்கள். த்ரோட்டில் பாடியைத் துடையுங்கள். அப்புறமும் நடுங்கினால் கம்ப்ரெஷன் பாருங்கள்: எஞ்சின் சூடாக, நான்கு பிளக்கும் வெளியே, பம்ப் ஃபியூஸ் கழற்றி, பெடலை முழுக்க அழுத்தியபடி ஐந்தாறு சுற்று. நான்கு எண்ணும் நெருங்கி இருந்தால் மேலே சொன்ன தொட்டி மருந்து ஒருமுறை போதும். உங்கள் காடியின் தொட்டி எத்தனை லிட்டர் என்று கைப்புத்தகத்தில் பார்த்து அளவைக் கணக்கிடுங்கள். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அந்த ஓட்டையில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளவெடுங்கள். எண் ஏறினால் ரிங். ஏறாவிட்டால் வால்வு, அதன் உட்காரும் இடத்தில் கரித்துணுக்கு சிக்கியிருக்கவும் கூடும். எண்களை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.