புதுப்பிப்பு: அம்மாவின் தையல் சாமான்களைக் கொடுத்துவிட்டேன் (சுங்கை சிப்புட், மலேசியா)

அம்மா விட்டுப்போன நான்கு பெட்டி தையல் சாமான்களை யாருக்குக் கொடுக்கலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

சிறு பைகளாகப் பிரித்து வெள்ளிக்கிழமை பூசைக்குப் பிறகு கோயில் மண்டபத்தில் வைக்கச் சொன்ன அக்காவின் யோசனைதான் பலித்தது. ஜிப், பட்டன், லேஸ் எல்லாம் ஒரே மாலையில் போய்விட்டன, ரவிக்கை தைக்கும் ஓர் அம்மா லைனிங் துணி முழுவதையும் எடுத்துக்கொண்டார். தமிழ்ப்பள்ளிக்குக் கம்பளி நூல் மட்டும் போதுமாம்.

எதிர்பாராதது நூல்தான். பார்க்கப் புதுசு போல இருந்த பழைய பருத்தி நூல்கண்டுகள் கையால் இழுத்ததுமே அறுந்தன, மெஷினில் போட்டால் தைக்கவே முடியாது, எலாஸ்டிக்கும் நீட்டினால் திரும்பச் சுருங்கவில்லை, அதனால் கொடுக்கும் முன் இழுத்துப் பாருங்கள். துருப்பிடித்த ஊசிகளை மைலோ டின்னில் போட்டு, டேப் ஒட்டி எறிந்தேன்.

அம்மாவின் கத்தரிக்கோலை மட்டும் கொடுக்க மனம் வரவில்லை.